உள்ளாட்சிப் பணிக்கு வரலாமா என்று கேட்பவருக்கு

பட்டப்படிப்பை முடித்துவிட்டுப் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஓர் இளைஞரின் கேள்வி இது: "நகராட்சி ஆணையராகவோ அதற்கு நிகரான பொறுப்பிலோ உள்ளாட்சி நிர்வாகத்தில் பணியாற்ற வேண்டும் என்பது என் விருப்பம். அதற்கு என்ன வழி, அந்த வேலை உள்ளபடி எப்படிப்பட்டது, அதில் அஞ்ச வேண்டியவை என்ன, அதை நம்பி ஒரு வாழ்நாளை ஒப்படைக்கலாமா?" நான் ஒரு பேரூராட்சியில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, பல ஊர்களில் செயல் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். தமிழ்நாட்டு உள்ளாட்சியைத் தவிர வேறெதையும் உள்ளிருந்து அறியேன். எனவே அதைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஊரில் அரசாங்கம் என்றதும் நம்மவர்களின் நினைவுக்கு வருபவர் கிராம நிர்வாக அலுவலர். அவர் வருவாய்த் துறையைச் சேர்ந்தவர். பட்டா, சிட்டா, அடங்கல், சான்றிதழ்கள் அவர் பாடு. தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை, வீட்டு வரி ஆகியவை ஊராட்சியின் பாடு. அங்கே அன்றாடக் கணக்கை எழுதுபவர் ஊராட்சிச் செயலாளர். இந்த இருவரையும் ஒருவராகவே நினைத்துக்கொண்டு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக் கலந்தாய்வில் துறையைத் தேர்ந்தெடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதே போலச் செயல் அலுவலர் என்ற பதவிப் பெயர் இரண்டு துறைகளில் இருக்கிறது. கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் செயல் அலுவலர் இந்து சமய அறநிலையத் துறையைச் சேர்ந்தவர். அதற்கான தேர்வுகளே வேறு. பேரூராட்சியில் இருக்கும் செயல் அலுவலர் உள்ளாட்சிக்காரர். என்னைப் பார்க்க வந்த உறவினர் ஒருவர் "எந்தக் கோயில் தம்பி?" என்று கேட்டது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

உள்ளாட்சி என்பது இரண்டு கிளைகள். ஊரகக் கிளையில் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகளும், 388 ஊராட்சி ஒன்றியங்களும், மாவட்ட ஊராட்சிகளும் உள்ளன. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அவற்றை ஆள்கிறது. நகர்ப்புறக் கிளையில் 490 பேரூராட்சிகளும் 138 நகராட்சிகளும் 21 மாநகராட்சிகளும் 2022 பிப்ரவரித் தேர்தலின்போது இருந்தன; 2024-இல் புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை, காரைக்குடி ஆகியவை தரம் உயர்ந்ததும் மாநகராட்சிகள் 25 ஆயின. நகர்ப்புறத்துக்கு முன்பு 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் நடப்பில் இருந்தது. இப்போது 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன்கீழ் 2023-இல் வந்த விதிகளும் நடப்பில் உள்ளன. கால் நூற்றாண்டுக்கு முன் இயற்றிய சட்டம் இவ்வளவு தாமதமாக நடைமுறைக்கு வந்த கதையே தனி. அதை இங்கே விரிக்கவில்லை. நீங்கள் படிக்கும்போது பழைய சட்டத்தின் பிரிவு எண்களை மனப்பாடம் செய்துவிடாதீர்கள் என்பதற்காகவே சொன்னேன்.

நுழையும் வழிகள் பல. பத்தாம் வகுப்புத் தகுதியில் எழுதும் குரூப் 4 தேர்வின் வழியாக இளநிலை உதவியாளராகவோ, நாங்கள் பில் கலெக்டர் என்று அழைக்கும் வரித்தண்டலராகவோ சேரலாம். பட்டதாரிகளுக்கான குரூப் 2, 2ஏ தேர்வில் இரண்டாம் நிலை நகராட்சி ஆணையர், பேரூராட்சிச் செயல் அலுவலர், உள்ளாட்சி நிதித் தணிக்கையில் உதவி ஆய்வாளர் போன்ற பதவிகள் வருவதுண்டு. குரூப் 1 தேர்வில் துணை ஆட்சியர், காவல் துணைக் கண்காணிப்பாளர் ஆகிய பதவிகளோடு ஊரக வளர்ச்சித் துறையின் உதவி இயக்குநர் பதவியும் இருக்கிறது. தரவரிசையில் முன்னால் நிற்பவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டையும் எடுத்துக்கொள்வார்கள். உதவி இயக்குநர் பதவி கிடைத்தவர் சில நாள் முகம் வாடியிருப்பார். பெரிய மாநகராட்சிகளின் ஆணையர் நாற்காலி இந்திய ஆட்சிப் பணிக்காரர்களுக்கு உரியது. பொறியாளர், நகரமைப்பு ஆய்வாளர், சுகாதார ஆய்வாளர் ஆகியோருக்குத் தனித்தனிக் கல்வித் தகுதிகள் உண்டு. எந்தப் பதவி எந்தத் தேர்வில் வருகிறது என்பது அவ்வப்போது மாறும் என்பதால், அறிவிக்கையை வரி விடாமல் படியுங்கள். 2021 டிசம்பர் முதல் தமிழ் மொழித் தகுதித் தாளில் குறைந்தது 40 விழுக்காடு எடுக்காதவரின் மற்றத் தாள்கள் திருத்தப்படுவதில்லை. உள்ளாட்சியில் எழுத்து வேலை முழுவதும் தமிழில்தான் நடக்கிறது என்பதால் இந்த நிபந்தனையை நான் நியாயமென்றே கருதுகிறேன்.

சம்பளத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் இளநிலை உதவியாளரின் தொடக்க அடிப்படை ஊதியம் 19,500 ரூபாய், குரூப் 1 பதவிகளுக்கு 56,100 ரூபாய், படிகள் தனி. கீழிருந்து ஏறி வருபவருக்கு இந்த இடைவெளியைக் கடக்க இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் ஆகும். சேர்ந்த பின் பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சி, ஆண்டுக்கு இருமுறை நடக்கும் துறைத் தேர்வுகள், தகுதிகாண் பருவம் என்று வரிசையாக வரும். துறைத் தேர்வுகளைப் புத்தகம் வைத்துத்தானே எழுதப் போகிறோம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் பதவி உயர்வுப் பட்டியல் வரும்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். என்னோடு சேர்ந்தவர்களில் மிகவும் திறமையான ஒருவர் கணக்குத் தேர்வு ஒன்றை ஒன்பது ஆண்டுகள் எழுதாமல் விட்டு, தன்னிடம் வேலை பழகியவருக்குக் கீழே பணியாற்ற நேர்ந்தது.

இனி வேலைக்கு வருவோம். மற்ற அரசுத் துறைகளுக்கும் உள்ளாட்சிக்கும் உள்ள பெரிய வேறுபாடு, இங்கே அலுவலருக்கு இரண்டு எசமானர்கள் என்பது. உங்களை நியமிப்பதும் மாற்றுவதும் ஒழுங்கு நடவடிக்கைக்கான 17பி குறிப்பாணை கொடுப்பதும் அரசு. உங்களிடம் வேலை வாங்குவதோ மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம். ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பேரூராட்சி, நகராட்சித் தலைவர்களையும் மேயரையும் 2022-இல் உறுப்பினர்கள்தாம் தேர்ந்தெடுத்தார்கள். உறுப்பினர்களின் ஆதரவால் நாற்காலியில் இருக்கும் தலைவருக்கு ஒவ்வொரு உறுப்பினரின் தெருவும் ஒரு கணக்கு. அந்தக் கணக்கும் உங்கள் முன்னுரிமைப் பட்டியலும் ஒத்துப்போகும் நாள்கள் குறைவு.

இந்த இழுபறி நடக்கும் இடம் மன்றக் கூட்டத்துக்கான பொருள் நிரல். ஒவ்வொரு பொருளும் "மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்" என்று முடியும். அதன் கீழே அலுவலகக் குறிப்பு என்று இரண்டு மூன்று வரி இருக்கும். அந்த வரிகளில்தான் ஓர் அலுவலரின் தரம் தெரியும் என்று நான் சொல்வேன். ஒன்பதாம் வார்டில் வடிகால் வேண்டும் என்று உறுப்பினர் கேட்கிறார். அந்தத் தெருவின் மட்டம் பிரதான வாய்க்காலைவிடத் தாழ்ந்தது. அங்கே வடிகால் கட்டினால் மழைநாளில் வாய்க்கால் தண்ணீர் தெருவுக்குள் திரும்பி வரும். இதைக் கூட்டத்தில் வாயால் சொன்னால் சண்டை வரும். சொல்லாமல் விட்டால் அடுத்த ஐப்பசியில் வீடுகளுக்குள் தண்ணீர் வரும். அலுவலகக் குறிப்பில் மட்ட அளவோடு எழுதிவைத்துவிட்டால், முடிவு மன்றத்தினுடையது, உண்மை பதிவேட்டில் இருக்கும். சட்டத்துக்கு மாறான தீர்மானம் நிறைவேறினால் அதை நிறைவேற்றாமல் மேலே எழுதலாம். தீர்மானத்தை நிறுத்தி வைக்கவோ நீக்கவோ அரசுக்கு அதிகாரம் உண்டு. நான் அந்த வழியை என் பணிக்காலத்தில் இரண்டே முறைதான் பயன்படுத்தினேன். அடிக்கடி பயன்படுத்துபவர் மன்றத்தோடு வாழத் தெரியாதவர். ஒருமுறைகூடப் பயன்படுத்தாதவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

மன்றமே இல்லாமல் இருந்தால் நிம்மதி என்று சில அலுவலர்கள் பேசுவதைக் கேட்பீர்கள். அதையும் நான் பார்த்துவிட்டேன். 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தபின், 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பரிலும், மீதமிருந்த மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரிலும், நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரியிலும்தான் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் தனி அலுவலர்களே மன்றத்தின் அதிகாரத்தையும் செலுத்தினார்கள். பொருளை வைப்பவரும் நானே, முடிவு எடுப்பவரும் நானே என்றிருந்த அந்த ஆண்டுகளில் கோப்புகள் வேகமாக நகர்ந்தன என்பது உண்மை. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லாததைக் காரணம் காட்டி ஒன்றிய அரசு நிதிக்குழு மானியத்தை நிறுத்தி வைத்தது. அதைவிடப் பெரிய இழப்பு வேறு. எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை, எந்த வீட்டில் டெங்குக் காய்ச்சல் என்பதைக் காலை ஏழு மணிக்கு வீட்டு வாசலில் வந்து கத்திவிட்டுப் போகும் பதினைந்து பேர் இல்லாமல் போனார்கள். அவர்களுடைய அருமை அவர்கள் இல்லாதபோதுதான் எனக்குத் தெரிந்தது. 2025 ஜனவரியில் அந்த 27 மாவட்டங்களின் ஊரக மன்றங்களின் பதவிக்காலம் முடிந்ததும் மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள். இப்பணிக்கு வருபவர், மன்றத்தோடும் மன்றமின்றியும் இருவகையிலும் வேலை செய்ய நேரும் என்று நினைத்துக்கொண்டே வர வேண்டும்.

அடுத்தது பணம். அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணை ஊராட்சிகளுக்கு 29 பொருள்களையும், பன்னிரண்டாம் அட்டவணை நகர்ப்புற அமைப்புகளுக்கு 18 பொருள்களையும் பட்டியலிடுகின்றன. பட்டியல் நீளம்; கஜானா சிறிது. சொத்து வரி, காலிமனை வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, வாரச்சந்தைக் குத்தகை என்று சொந்த வருவாய். அதற்குமேல் மாநில நிதிக்குழு மானியம், ஒன்றிய நிதிக்குழு மானியம். தொழில் வரி ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று அரசியலமைப்பே வரம்பு கட்டியிருப்பதால், உண்மையில் கை வைக்கக்கூடியது சொத்து வரி ஒன்றுதான். அதையும் எந்த மன்றமும் விரும்பி உயர்த்தாது. 2022 ஏப்ரலில் உயர்த்தியபோது, பதினைந்தாவது நிதிக்குழுவின் மானியத்துக்கு அது ஒரு நிபந்தனை என்ற காரணம் கூறப்பட்டது. சென்னைக்கு வெளியே 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 விழுக்காடும் பெரிய வீடுகளுக்கு 100 விழுக்காடு வரையும் கூடியது. அந்த மாதங்களில் பில் கலெக்டர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள், நிதி மேலாண்மை என்ற சொல்லைப் பாடப்புத்தகத் தொனியில் உச்சரிக்க மாட்டார்கள். ஒன்றிய மானியத்திலும் பெரும்பகுதி குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப்போட்டே வருகிறது. ஆகவே வரவு செலவுத் திட்டம் எத்தனை பக்கம் இருந்தாலும், சம்பளமும் மின்கட்டணமும் போக ஓர் அலுவலர் தன் யோசனைப்படி செலவிடக்கூடிய தொகை மிகச் சிறியது. அந்தச் சிறு தொகையை எங்கே வைக்கிறோம் என்பதுதான் இந்தத் தொழிலின் நுட்பம்.

இங்கே என்னுடைய பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பேரூராட்சியில் கோடைக்காலத்தில் கடைசித் தெருக்காரர்கள் வயிற்றுப்போக்கு என்று மனுவோடு வந்தார்கள். நாங்கள் வழக்கமாகச் செய்வது போலப் பதிவேட்டை வரவழைத்தேன். மேல்நிலைத் தொட்டியில் நாள்தோறும் பிளீச்சிங் பவுடர் கலந்ததாகக் கையொப்பம் இருந்தது. ஒரே பேனாவில், ஒரே சாய்வில், வரப்போகும் வெள்ளிக்கிழமைக்கும் சேர்த்து இருந்தது. மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு டேங்க் ஆபரேட்டரை அழைத்துக்கொண்டு போனேன். குழாய் முனையில் குளோரின் குறைந்தது 0.2 பிபிஎம் இருக்க வேண்டும். சோதனைக் குழாயில் தண்ணீரைப் பிடித்து மருந்தை இரண்டு சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் காட்டும். தொட்டிக்கு அடுத்த தெருவில் லேசாகக் காட்டியது. நடுத்தெருவில் கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரிந்தது. கடைசித் தெருவில் தண்ணீர் நிறமே மாறாமல் நின்றது.

ஆபரேட்டரை என் மனத்துக்குள் அப்போதே தண்டித்துவிட்டேன். "சார், வெள்ளிக்கிழமை கையெழுத்து நான் போட்டது தப்புதான் சார். ஆனா பவுடர் தினமும் போடுறேன். நீங்களே வந்து மூட்டையப் பாருங்க" என்றார். பம்பு அறைக்குப் பின்னாலிருந்த கிடங்கில் மூட்டைகள் அடுக்கியிருந்தன. மேற்கூரை ஒழுகி அடிமூட்டைகள் நனைந்து இறுகியிருந்தன. பிரித்த மூட்டையில் மூக்கை வைத்தால் அந்தக் காரமான நெடி இல்லை. பிளீச்சிங் பவுடர் காற்றும் ஈரமும் பட்டால் வீரியம் இழந்துவிடும். பிறகு அது வெறும் சுண்ணாம்பு. மாதக்கணக்கில் அவர் தொட்டியில் கரைத்துக்கொண்டிருந்தது அதைத்தான். ஏன் அத்தனை மூட்டை? மார்ச் மாதக் கடைசியில் செலவுத் தலைப்பில் பணம் மீந்திருக்கிறது, காலாவதியாகிவிடும் என்று ஓராண்டுத் தேவையை மொத்தமாக வாங்கியிருந்தோம். அந்தக் கொள்முதல் பில்லில் கையொப்பமிட்டவன் நான். ஒப்பந்தப் புள்ளி முறையாக நடந்திருந்தது, குறைந்த விலை, இருப்புப் பதிவேடு சரி, அந்த ஆண்டுத் தணிக்கையில் அந்தக் கொள்முதலுக்கு ஒரு தடை, அதாவது ஆட்சேபம், கூட எழவில்லை. கோப்பு முழுவதும் சரியாக இருந்து குழாய் தவறாக இருந்தது. அதன் பிறகு நான் போன ஊர்களில் எல்லாம் பவுடரை இரண்டு மாதத் தேவைக்கு மேல் வாங்க விட்டதில்லை. கணக்கர்கள் என்னைப் பிடிவாதக்காரன் என்றார்கள். சோதனை மருந்துக் குப்பி ஒன்று என் வண்டியிலேயே கிடந்தது.

தூய்மைப் பணியாளர்களைப் பற்றிப் பேசாமல் இந்த வேலையைப் பற்றிப் பேச முடியாது. விடியற்காலை மஸ்டருக்கு, அதாவது பணியாளர் வருகைப் பதிவுக்கு, ஆணையர் வாரத்தில் இரண்டு நாளாவது போய் நிற்க வேண்டும். எண்ணிக்கையைச் சரிபார்ப்பதற்கு மட்டும் என்றால் சுகாதார ஆய்வாளரே போதும். கையுறை யாரிடம் கிழிந்திருக்கிறது, எந்தத் தள்ளுவண்டிக்குச் சக்கரம் ஓடவில்லை, ஒப்பந்தக்காரர் வருங்கால வைப்பு நிதியைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருக்கிறாரா என்பதெல்லாம் அங்கேதான் காதில் விழும். ஒப்பந்தக்காரர் கட்டாவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் என்ற முறையில் உள்ளாட்சி அமைப்பே பொறுப்பு. கழிவுநீர்த் தொட்டியிலும் பாதாளச் சாக்கடையிலும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. "கொஞ்சம் இறங்கிப் பார்த்துட்டு வந்துடட்டும் சார்" என்று யாராவது சொல்லும்போது, அடைப்பு மூன்று நாள் நீடித்தாலும் பரவாயில்லை, இயந்திரம் வரட்டும் என்று நிற்கத் தெரியாதவர் தயவுசெய்து இந்தப் பணிக்கு வர வேண்டாம். ஒரு மரணத்துக்குப் பின் எழுதும் விளக்கம் எதுவும் விளக்கமாகாது.

ஊரகக் கிளைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. ஊராட்சித் தலைவர் பதவி சுழற்சி முறையில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்படும்போது, ஊரின் பழைய கணக்குகள் எல்லாம் அலுவலகத்துக்குள் வரும். ஒதுக்கீட்டுப் பதவியில் வென்ற மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் இருந்தவர்களும் 1997 ஜூனில் கொல்லப்பட்டார்கள். மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்திலும் விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தலிலும் ஒதுக்கீடு வந்த 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தலை முறையாக நடத்த முடியவில்லை. 2006-இல்தான் நடந்தது, அதற்கு மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராக உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2020-இல் கடலூர் மாவட்டத் தெற்குத் திட்டையில் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர்ந்திருக்கும் படம் வெளியானபோது, நடவடிக்கைக்கு உள்ளானவர்களில் ஊராட்சிச் செயலாளரும் ஒருவர். தலைவருக்கு நாற்காலி போடுவதும், அறைச் சாவியைக் கொடுப்பதும், சுதந்திர நாளில் கொடிக்கயிற்றை அவர் கையில் தருவதும் விதிப்புத்தகத்தில் சின்ன வேலைகள். துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் ஊராட்சியின் பணம் வெளியே வரும் என்ற ஏற்பாட்டை வைத்து ஒரு தலைவரை ஐந்தாண்டுகள் முடக்கிப்போட முடியும் என்பதும், அப்படி முடக்கும்போது வட்டார வளர்ச்சி அலுவலர் கண்ணை மூடிக்கொள்கிறாரா, தலையிடுகிறாரா என்பதே அந்த ஊரின் நிலையைத் தீர்மானிக்கும் என்பதும் போனபின்தான் புரியும்.

அச்சங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒப்பந்தக்காரர் அழுத்தம், உறுப்பினர் அழுத்தம், இடமாற்றம் எல்லாம் உண்டு. இடமாற்றத்துக்குப் பயந்தவர் இந்த வேலையில் எதையும் செய்ய முடியாது; பிள்ளைகளின் பள்ளியை நான்கு முறை மாற்றியவன் சொல்கிறேன். உண்மையான அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. உள்ளாட்சி நிதித் தணிக்கையின் தடைகள் ஆளைவிட நீண்ட ஆயுள் கொண்டவை. மதிப்பீட்டைப் பிரித்துச் சிறு வேலைகளாக்கிக் கொடுத்தது, அளவுப் புத்தகத்தில் மேலளவு, அதாவது மேலதிகாரியின் சரிபார்ப்பு, செய்யாமல் பில்லை அனுமதித்தது, குத்தகைத் தொகையை வசூலிக்காமல் விட்டது என்று பத்தாண்டுகளுக்கு முன் வேறு ஊரில் போட்ட ஒரு கையெழுத்து, ஓய்வு பெறும் மாதத்தில் வந்து கதவைத் தட்டும். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களையும் அவர்களுடைய உறவினர்களையும் குடவோலைக்குத் தகுதியற்றவர்கள் என்கிறது. நம் தணிக்கை உறவினரை விட்டுவிடுவது ஒரு சலுகைதான். ஆகவே நான் என் கீழ் பணியாற்றிய ஒவ்வொருவருக்கும் சொன்னது: வாய்மொழி உத்தரவு வந்தால் மறுக்க வேண்டாம், அன்றே கோப்பில் "தலைவர் அவர்களின் வாய்மொழி அறிவுறுத்தலின்படி" என்று எழுதி அவருக்கே அனுப்புங்கள். பாதி அறிவுறுத்தல்கள் அந்த இடத்திலேயே கரைந்துபோகும்.

இந்த வேலையை ஐ.ஏ.எஸ். கிடைக்காதவர்களின் ஆறுதல் பரிசாக நினைத்து வருபவர்கள் விரைவில் கசந்துபோவதைக் கண்டிருக்கிறேன். மாவட்ட ஆட்சியரிடம் இருக்கும் மரியாதை இங்கே கிடையாது. தெருவில் நடந்தால் மூன்று பேர் திட்டுவார்கள், ஒருவர் டீ வாங்கிக் கொடுப்பார். இராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராகவும் பெரியார் ஈரோடு நகராட்சித் தலைவராகவும் இருந்தவர்கள்; முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் அவர்களும் குடிநீரையும் தெருவையும் பற்றித்தான் வாதாடிக்கொண்டிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு என்பது ஓர் அரசுத் திட்டமாவதற்கு வெகுகாலம் முன்பே, 1920-இல், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கியது. உள்ளாட்சியின் கை எட்டும் தூரம் சிறிதென்றாலும், எட்டும் இடத்தில் செய்ததன் பலன் அடுத்த நாளே கண்ணுக்குத் தெரியும். குழாயில் மஞ்சள் நிறம் காட்டுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்க் காலைச் சாப்பாடு சாப்பிடும் மனநிறைவு தலைமைச் செயலகத்தில் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. நான் அங்கே வேலை செய்ததில்லை.

குரூப் 2 எழுதுங்கள். ஆனால் குரூப் 4 கிடைத்தால் அதை மட்டமாக நினைத்து விட்டுவிட வேண்டாம். பிரிவு எழுத்தராக நான்கு ஆண்டு தபாலும் நடப்பும் எழுதியவருக்குக் கோப்பு எங்கே சிக்கும் என்பது தெரியும்; நேரே ஆணையராக வருபவரைத் தலைமை எழுத்தர் முதல் ஆறு மாதத்துக்குத் தன் கைக்குள் வைத்திருப்பார். தேர்வுக்குப் படிக்கும் இந்தக் காலத்திலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் ஊரோ பக்கத்து ஊரோ, அடுத்த கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். வரவு செலவு அறிக்கையைச் செயலாளர் மடமடவென்று வாசித்துத் தள்ளுவார். அப்போது எழுந்து, குடிநீர்ப் பராமரிப்பு என்ற தலைப்பில் எந்த மோட்டாருக்கு எவ்வளவு செலவானது என்று மட்டும் மரியாதையாகக் கேளுங்கள். கிடைக்கும் பதிலை எழுதிக்கொண்டு, மறுநாள் காலையில் அந்த மோட்டார் அறைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே நிற்கும்போது உங்களுக்கு அலுப்புத் தட்டினால் வேறு துறையைப் பார்ப்பது நல்லது. ஆபரேட்டரோடு பேச்சு நீண்டு மணி எட்டானது தெரியாமல் போனால், விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.